கல் வந்துபோகும் வீடு

கல்வட்டத்தின் ஏழாவது கல் எக்ஸ்ரே அக்காவின் வீட்டுக்கு முதன்முதலாக வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேமுக்காலுக்கும் பதினொன்றுக்கும் இடையில். சரியான நிமிடத்தைச் சொல்ல ஆள் இல்லை. பத்தேமுக்காலுக்கு அவள் கதவைப் பூட்டிக்கொண்டு ரொட்டி வாங்கப் போனபோது கூடம் காலியாக இருந்தது. பதினொன்றுக்குத் திரும்பி வந்து பூட்டைத் திறந்தபோது சோபாவுக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவில் கல் நின்றுகொண்டிருந்தது. கல்லின் அகலம் நான்கடி, வாசற்கதவின் அகலம் இரண்டேமுக்கால். கதவு நிலையில் கீறல் இல்லை, தரையில் மண் இல்லை. அடியில் மட்டும் கொஞ்சம் ஈரப்புல் ஒட்டியிருந்தது, வெளியே மழையில் நடந்து வந்தவர் காலைத் துடைத்தும் துடைக்காமலும் உள்ளே வந்துவிட்டதைப் போல. கல்லின் உச்சி மின்விசிறிக்கு ஒரு சாண் கீழே இருந்தது. அக்கா முதல் வேலையாக விசிறியை நிறுத்தினாள். பிறகு ரொட்டிப் பையைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க" என்றாள்.

பார்த்தவுடனே அது எந்தக் கல் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இடது தோள் சரிந்து, நடு மார்பில் ஆரஞ்சு நிறப் பாசி தேநீர் கொட்டிய கறையாகப் படர்ந்திருக்கும் கல் வட்டத்தில் ஒன்றுதான். பதினொன்றேகால் பேருந்தில் ஏறி அதைப் பார்க்கத்தான் அவள் கிளம்பவிருந்தாள். பயணத்துக்கு வாங்கிய ரொட்டி, அவித்த இரண்டு முட்டை, ஒரு குடை எல்லாம் தயார். யாரைப் பார்க்கப் போகிறோமோ அவரே வந்து நிற்கும்போது எல்லோரும் என்ன செய்வார்களோ அதைத்தான் அவளும் செய்தாள். செருப்பைக் கழற்றினாள், பயணத்தைக் கைவிட்டாள், அடுப்பில் தண்ணீர் வைத்தாள். உட்காரச் சொல்வதா வேண்டாமா என்று சற்று நேரம் யோசித்தாள். நாலாயிரம் வருடமாக நிற்பவரை உட்காரச் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று விட்டுவிட்டாள்.

அவளை எக்ஸ்ரே அக்கா என்று அந்த ஊரே கூப்பிட்டது, அவளைவிட மூத்தவர்கள் உட்பட. அரசு மருத்துவமனையின் தரைத்தளத்தில், ஈயத்தகடு அடித்த கனத்த கதவுக்குப் பின்னால், இருபத்தெட்டு வருடமாக அவள் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் கை உடையாதவர்கள் சிலர் உண்டு, நெஞ்சில் சளி கட்டாதவர் யாரும் இல்லை. ஆகவே எல்லோருடைய உள்ளேயும் அவள் ஒரு தடவையாவது பார்த்திருந்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே விடமாட்டாள். "மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க." ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்லும் இந்த நான்கு கட்டளைகளிலேயே அவளுடைய பேச்சுப் பங்கு தீர்ந்துவிடும் என்று சக ஊழியர்கள் கேலி செய்வார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டயர் கடை இருக்கும் தெருவில், தரைத்தளத்தில், இரண்டு அறையும் ஒரு கூடமும் கொண்ட வீட்டில் தனியாக இருந்தாள். நான்கு தெரு தள்ளி அவளுடைய தம்பி, மனைவியோடு இருந்தான். அவன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுத்தருபவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நாள் முழுக்க "மெதுவா, மெதுவா" என்று கத்துவதால் மாணவர்கள் அவனுக்கு மெதுவா சார் என்று பேர் வைத்திருந்தார்கள். அந்த ஊரில் அவனைவிடச் சத்தமாக அந்தச் சொல்லைச் சொன்னவர் யாரும் இல்லை.

அக்காவும் தம்பியும் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அவர்களுடைய அம்மா தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து ஓய்வு பெற்றவள். தம்பியோடுதான் இருந்தாள். ஒரு இருமல் விடவில்லை என்று ஒருநாள் மருத்துவமனைக்கு வந்தாள். அக்கா தானே நிறுத்தி, தானே தாடையைப் பலகையில் சரிசெய்து, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் மூச்சை இழுக்கச் சொன்னாள், பிடிக்கச் சொன்னாள், பொத்தானை அழுத்தினாள். நான்கு விநாடியில் திரையில் படம் வந்தது. அதைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். முகம் சிவந்த பிறகுதான் தானாக விட்டுவிட்டுத் திரும்பினாள். "விடச் சொல்லவே இல்லையே நீ" என்றாள். அக்கா பதில் சொல்லவில்லை. அம்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மேலே மருத்துவர் சொன்னதெல்லாம் பிறகுதான். அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா அக்காவிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று, தம்பிக்குச் சொல்லக் கூடாது. அக்கா சொல்லவில்லை. நான்கு மாதம் கழித்து, எல்லாம் முடிந்த அன்று, கடைசி ஆளும் விடைபெற்றுப் போன பிறகு தம்பி அந்தப் படத்தை அம்மாவின் அலமாரிக்கு அடியிலிருந்து எடுத்தான். மூலையில் தேதி இருந்தது. "நாலு மாசம். உனக்கு நாலு மாசமாத் தெரியும். கல்லு மாதிரி இருந்திருக்கே" என்றான். அதன் பிறகு அக்கா மூன்று தடவை அவன் வீட்டுப் படியேறினாள். மூன்று தடவையும் தம்பி மனைவிதான் கதவைத் திறந்தாள். உள்ளே கூப்பிட அவளுக்கு ஆசை. ஆனால் பின்னாலிருந்து தொலைக்காட்சியின் சத்தம் ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போனது.

நான்காவது தடவை போகவேண்டிய செவ்வாய்க்கிழமை, அவள் நான்கு தெரு நடப்பதற்குப் பதில் நகர எல்லைக்குப் போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தாள். காரணம் அவளுக்கே தெரியாது. பதினேழாவது கிலோமீட்டரில் ஜன்னலுக்கு வெளியே, மேய்ச்சல் மேட்டில், இருபத்தொரு கற்கள் வட்டமாக நிற்பதைப் பார்த்தாள். கல்லு மாதிரி என்று தம்பி சொன்னானே, அது எப்படித்தான் இருக்கும் பார்த்துவிடலாம் என்று இறங்கினாள். கோபமாகத்தான் இறங்கினாள். ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது கோபம் பாதியானது. கற்கள் அவள் நினைத்த மாதிரி இல்லை. ஒன்று கூன் போட்டிருந்தது, ஒன்று பக்கத்துக் கல்லின் மேல் சாய்ந்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தது, ஒன்றின் வெயில் பட்ட பக்கம் ஆட்டின் வயிறு போல வெதுவெதுப்பாக இருந்தது. அன்றைக்கு ஆரம்பித்தது. அதன் பிறகு விடுமுறை நாளான செவ்வாய் தவறாமல் போனாள். வட்டம் மட்டும் இல்லை, அதற்கு அப்பால் ஓடையைத் தாண்டி இரண்டு கற்குவைகளும் இருந்தன. யாரையோ புதைத்த இடத்தில் எவரெவரோ ஆளுக்கொரு கல்லாகப் போட்டுப்போட்டு உயர்ந்த குவியல்கள். எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்ப்பாள், ஒவ்வொரு கல்லின் மேலும் ஒரு நிமிடம் உள்ளங்கையை வைப்பாள், ரொட்டியையும் முட்டையையும் சாப்பிடுவாள், மூன்றரை மணிப் பேருந்தில் திரும்புவாள். ஒன்பது வருடத்தில் நானூற்று ஐம்பது தடவைக்கு மேல் போயிருந்தாள். ஒரு வீட்டுக்கு நானூற்று ஐம்பது தடவை போய்விட்டு, பதிலுக்கு ஒரு தடவைகூட அவர்கள் வராமல் இருந்தால் எவ்வளவு சங்கடமாக இருக்கும் என்பது, வருகிறவர்களைவிட அந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். கற்களுக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும்.

ஏழாவது கல் மூன்று நாள் தங்கியது. முதல் நாள் மாலைக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. டயர் கடைக்காரர் வந்து இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த எடைக்குத் தரை தாங்குகிறதே என்று மட்டும் ஆச்சரியப்பட்டார். மாடி வீட்டுப் பெண்மணி ஒரு பூந்தொட்டி கொண்டுவந்து வைத்தாள். பிறகு அது பொருந்தவில்லை என்று தானே எடுத்துக்கொண்டு போனாள். கூடம் கொஞ்சம் குளிர்ந்தது. மதிய வெயிலில் மேட்டுப் புல்லின் வாசனை அடித்தது. கல்லின் முதுகிலிருந்த ஒரு பிளவிலிருந்து ஒரு வண்டு இறங்கி, அலமாரியின் இரண்டாம் தட்டில் இருந்த அகராதி வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. அக்கா வேலைக்குப் போகும்போது "போயிட்டு வரேன்" என்றாள், வந்ததும் விளக்கைப் போட்டாள். ஒன்பது வருடத்தில் அந்த வீட்டில் யாரிடமாவது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை.

அதே மூன்று நாளும் பதினேழு கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் சாப்பாடு இறங்காமல் தவித்துக்கொண்டிருந்தார். கல்வட்டத்துக்கு ஒரு காவலர் இருந்தார். தொல்பொருள் துறை கொடுத்த தொப்பி, ஒரு தகரக் கொட்டகை, ஒரு வருகைப் பதிவேடு, இவைதான் அவருடைய உத்தியோகம். காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் கற்களை எண்ணி, இருபத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதினான்கு வருடமாக அதைச் செய்து பக்கத்துக் கிராமத்தில் அவருக்கு இருபத்தொண்ணு என்றே பேர் ஆகியிருந்தது. மனைவி இறந்தவர், மகள் வெளியூரில். செவ்வாய்க்கிழமை மாலை எண்ணியபோது இருபதுதான் வந்தது. கல் இருந்த இடத்தில் ஒரு குழி, சுத்தமாக, கிணற்றிலிருந்து குடத்தை எடுத்த மாதிரி. இழுத்த தடம் இல்லை, வண்டித் தடம் இல்லை, புல்கூட மடங்கவில்லை. அவர் இரண்டு நாள் ஓடையிலும் புதரிலும் தேடினார். மூன்றாம் நாள் கொட்டகையில் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டினார். ஒன்பது வருடமாகச் செவ்வாய்தோறும் ஒரே கையெழுத்து, பக்கத்தில் அரசு மருத்துவமனை என்ற முகவரியோடு, இருந்தது. இந்தச் செவ்வாய் மட்டும் இல்லை. பதிவேட்டை மழைக்காகிதத்தில் சுற்றிக்கொண்டு வியாழக்கிழமை பேருந்து ஏறி, மருத்துவமனையில் விசாரித்து, சாயங்காலம் நான்கரைக்கு அவள் கதவைத் தட்டினார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம ஏழாவது கல்லு..."

"இங்கதான் இருக்கு. உள்ள வாங்க."

அவர் உள்ளே வந்து கல்லைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். காணாமல் போன மகன் பக்கத்து வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைக் கண்ட தகப்பனின் முகம்போல, நிம்மதியும் எரிச்சலும் ஒன்றாக அவர் முகத்தில் வந்தன.

"எப்படி வந்துச்சு?"

"நான் ரொட்டி வாங்கப் போயிருந்தேன்."

"எப்ப கிளம்புமாம்?"

"கேக்கலை. வீட்டுக்கு வந்தவங்ககிட்ட எப்ப கிளம்பறீங்கன்னு கேக்கலாமா?"

அது நியாயம்தான் என்று காவலருக்கும் பட்டது. தேநீர் குடித்தார். கல்லின் அடியில் இருந்த புல்லைக் கையால் ஒருமுறை சரிசெய்தார். பதிவேட்டைப் பிரித்து, மாலைக் கணக்கில் இருபத்தொன்று என்றே எழுதினார், ஏனென்றால் கல் தொலைந்துபோகவில்லை, எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மறுநாள் காலை அக்கா முகம் கழுவிக்கொண்டு வந்து பார்த்தபோது கூடம் காலியாக இருந்தது. மேட்டில் கல் தன் குழியில் நின்றது. இரண்டு வாரம் கழித்துப் பதினான்காவது கல் வந்தது.

அதன் பிறகு மூன்று வருடத்தில் இருபத்தொன்றும் வந்து போயின, சில இரண்டு தடவை. கூன் போட்ட கல் மழைக்காலத்தில் வந்து ஒன்பது நாள் தங்கிவிட்டது. சாய்ந்த கல் தனியாக வந்ததால் சாய ஆள் இல்லாமல் அலமாரியின் மேல் சாய்ந்து, அகராதியை அட்டையோடு நசுக்கியது. ஓடைக்கு அப்பாலிருந்த சிறிய கற்குவை வந்ததுதான் பெரிய பாடு. அது ஒரு கல் இல்லை, எழுநூற்றுச் சொச்சம். குடும்பத்தோடு வந்து இறங்கியதைப் போலச் சமையலறை, குளியலறை, படுக்கை, பாத்திரத்தின் உள்ளே எல்லா இடத்திலும் இருந்தது. அக்கா இரண்டு நாள் மாடி வீட்டில் தூங்கினாள். தெருவுக்கு எல்லாம் பழகிவிட்டது. டயர் கடைக்காரர் வாடிக்கையாளர்களுக்கு வழி சொல்லும்போது, "கல்லு வர்ற வீட்டுக்கு எதிர்ல" என்று சொல்ல ஆரம்பித்தார். காவலர் கல் வந்த வாரங்களில் வியாழக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு கல் வராத வாரங்களிலும் வந்தார். எதற்கு வந்தீர்கள் என்று அக்கா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒருநாள் அவருடைய இருமலைக் கேட்டுவிட்டு, மறுநாள் காலையிலேயே அவரைப் பலகைக்கு முன்னால் நிறுத்தி மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். "விடுங்க" என்று அவள் சொன்ன வேகத்தில் அவருக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டது.

ஒரே சிக்கல் மேலதிகாரி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை துறையின் வண்டியில் வந்து, கற்களைத் தானே எண்ணி, ஒரு படிவத்தில் எழுதிக்கொண்டு போவார். மெலிந்த, தலை நிமிராத மனிதர். ஒரு வருகையின்போது பதினோராவது கல் அக்கா வீட்டில் இருந்தது. கல்லாக ஒருவர் நின்றால் போதும் என்பது காவலரின் யோசனை, ஆனால் அவர் அதிகாரியோடு கூடவே நடக்க வேண்டும். ஆகவே அக்கா நின்றாள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் இடத்தைப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு என்றாள். சாம்பல்நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கணுக்கால் வரை குழியில் இறங்கி நின்றாள். அதிகாரி ஒரு கல்லுக்கு ஒரு கோடாகப் போட்டுக்கொண்டு வந்தார். அவளுக்கு முன்னால் வந்தபோது ஒரு கோடு போட்டார், நகர்ந்தார். மொத்தம் இருபத்தொன்று. அவர் போன பிறகு அக்கா மேலே ஏறி வந்தபோது தனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும் என்று நினைத்தாள், மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. முழங்கால் வலிக்கவில்லை. கோட்டின் தோளில் விரல்நகம் அளவுக்குப் பாசி பிடித்திருந்தது, எவ்வளவு துவைத்தும் அது போகவில்லை. நாளாவட்டத்தில் டயர் கடைக்காரர் ஒரு தடவை நின்றார், மாடி வீட்டுப் பெண்மணி இரண்டு தடவை. கணக்கு ஒருநாளும் தவறவில்லை.

இதெல்லாம் நான்கு தெரு தள்ளி இருந்த தம்பிக்குத் தெரியாமல் இல்லை. வண்டி ஓட்டப் படிக்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். "சார், உங்க அக்கா வீட்டுக்குக் கல்லு வருதாமே?" என்று கேட்டால் அவன், "ரோட்டைப் பாரு" என்பான். மூன்று வருடம் அப்படி ஓட்டினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில், அவன் மனைவி தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். குழந்தைகள் பள்ளியில் வேலை பார்க்கும் அவளுக்கு ஒரு விஷயத்தை எந்த வயதுக்காரருக்கும் புரியும்படி சொல்லத் தெரியும்.

"என்னங்க, அந்த மேட்டுக்கும் அண்ணி வீட்டுக்கும் எவ்வளவு தூரம்?"

"பதினேழு கிலோமீட்டர்."

"நமக்கு?"

அவன் குவளையை எடுத்துத் தண்ணீர் குடித்தான்.

"காலே இல்லாத கல்லு பதினேழு கிலோமீட்டர் வந்து பாத்துட்டுப் போகுது. உங்களுக்கு ரெண்டு காலும் ஒரு காரும் இருக்கு" என்றாள். பிறகு குழம்பு வேண்டுமா என்று கேட்டாள்.

அடுத்த வாரம் அவன் ஒரு மாணவியை வண்டியோட்டவைத்து டயர் கடைத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, கல் வரும் வீட்டுக்கு முன்னால் நிறுத்தச் சொன்னான். நிறுத்திக் கிளப்பும் பயிற்சி என்றான். அந்தப் பெண் அதே இடத்தில் பதினான்கு தடவை நிறுத்திக் கிளப்பினாள். பதினைந்தாவது தடவை, "சார், நீங்க உள்ள போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றாள். அவன் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினான். அக்கா கதவைத் திறந்தாள். பன்னிரண்டு வருடத்தில் அவளுக்கு முடி முழுக்க நரைத்திருந்தது, அவனுக்குத் தொப்பை விழுந்திருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டார்கள்.

"வா" என்றாள்.

அன்றைக்குக் கூடத்தில் பத்தாவது கல் நின்றது, வெயில் பட்ட பக்கம் வெதுவெதுப்பாக இருக்கும் கல். அது அங்கே இருந்தது நல்லதாகப் போயிற்று. பேச ஒரு விஷயம் கிடைத்தது. எவ்வளவு எடை இருக்கும் என்று அவன் கேட்டான், தெரியாது என்றாள். எந்தப் பக்கமாக வந்தது என்றான், பார்க்கவில்லை என்றாள். சும்மா தொட்டுப் பார் என்றாள். அவன் உள்ளங்கையை வைத்தான். எடுக்க மனசில்லாமல் வைத்துக்கொண்டே நின்றான். தேநீர் ஆறியது. வெளியே காரின் ஒலிப்பான் ஒரு தடவை கேட்டது. "வரேன்" என்றான், கேட்க வந்ததைக் கேட்காமலே போனான்.

பதினோரு நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அக்காவின் தொலைபேசி அடித்தது. பன்னிரண்டு வருடத்தில் அந்த எண்ணிலிருந்து வந்த முதல் அழைப்பு. "ரெண்டு வந்திருக்கு" என்றான் தம்பி, குரலைத் தாழ்த்தி. அவன் குரலைத் தாழ்த்தி அவள் கேட்டதே இல்லை. "ஒண்ணு கூடத்துல நிக்குது. ஒண்ணு அம்மா ரூம்ல. நான் என்ன பண்ணணும்?"

"விசிறியை நிறுத்து" என்றாள் அக்கா. பிறகு யோசித்துச் சொன்னாள்: "நாளைக்கு அந்த ஆஃபீசர் எண்ண வர்றார். ரெண்டு இடம் காலியா இருக்கும். நீ வந்து நிக்கணும்."

செவ்வாய்க்கிழமை இருவரும் பதினொன்றேகால் பேருந்தில் போனார்கள். வந்திருந்தவை பத்தாவதும் பதினோராவதும், அடுத்தடுத்த இடங்கள். குழிகளுக்கு நடுவே ஆறடி இடைவெளி. காவலர் தம்பிக்கு ஒரு சாக்கைத் தோளில் போட்டுவிட்டு, கால்களை எப்படி வைப்பது என்று காட்டிவிட்டு, வண்டியை எதிர்பார்த்துப் பாதைக்குப் போனார். லேசாகத் தூறியது. இருவரும் வட்டத்தின் நடுவைப் பார்த்து நின்றார்கள். தலையைத் திருப்பினால்தான் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும், கல்லுக்குத் தலை திரும்பாது.

தம்பிதான் முதலில் பேசினான். "அந்த நாலு மாசமும் நான் அம்மாவைத் திட்டிக்கிட்டே இருந்தேன். தினமும். குழாயை மூடலன்னு, ஜன்னலைத் திறந்து வெச்சுட்டான்னு. சாகறதுக்குப் பத்து நாள் முன்னாடி, சாப்பிடலன்னு தட்டைத் தூக்கித் தொட்டியில போட்டேன். பிடிவாதம்னு நெனச்சேன். உனக்குத் தெரியும். நான் கத்தறதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கத்தியிருப்பேனா?"

"மாட்டே. அதுக்குத்தான் சொல்ல வேணாம்னா."

"யாரு?"

"அம்மா. அவனுக்குத் தெரிஞ்சா தலையாட்ட ஆரம்பிச்சிடுவான்னா. எது சொன்னாலும் சரிம்மா சரிம்மாம்பான், கட்டில் பக்கத்துல உக்காந்து மெதுவாப் பேசுவான், எனக்கு அது வேணாம். கடைசி வரைக்கும் சண்டை போட எனக்கு ஒரு ஆள் வேணும்னா."

தம்பியின் சாக்கு நனைந்து தோளில் ஒட்டியது.

"கார் சாவி காணாமப் போச்சே, நாலஞ்சு தடவை" என்றாள் அக்கா. "அவதான் ஒளிச்சு வெச்சா. ரெண்டு நாளா நீ கத்தலையாம். சர்க்கரை டப்பாக்குள்ள போட்டுட்டு எனக்குப் போன் பண்ணி, இப்ப பாரு எப்படிக் குதிக்கப் போறான்னு சிரிச்சா. சிரிச்சு இருமல் வந்துடுச்சு. அந்தத் தட்டைத் தூக்கிப் போட்டியே, அன்னைக்கும் போன் பண்ணினா. இன்னைக்கு நல்லாப் போட்டான்னா. அப்புறம் கொஞ்சம் சாப்பிட்டேன்னு சொன்னா."

தம்பியின் மூச்சு ஒருமுறை உடைந்து, பிறகு சரியானது. அவன் அழுகிறான் என்று அக்காவுக்குத் தெரிந்தது. ஆனால் பக்கத்தில் போய்த் தோளைத் தொட முடியாது, இடத்தை விட்டு நகரக் கூடாது. ஆகவே அவள் நின்ற இடத்திலேயே, தன் வாழ்நாளில் பேசாத அளவுக்குப் பேசினாள். அம்மா சாவியை வைத்த மற்ற இடங்களைச் சொன்னாள். குழாயை வேண்டுமென்றே திறந்துவிட்டு அறைக்குள் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்ததைச் சொன்னாள். "அவன் கத்தறப்போ எனக்கு ஒடம்பு சரியில்லங்கறதே மறந்துடுது" என்று ஒருநாள் சொன்னதைச் சொன்னாள். இடையில் நிறுத்தாமல் சொன்னாள்.

அப்புறம் தம்பி கேட்டான். "இதை ஏன் பன்னெண்டு வருஷமாச் சொல்லலை?"

"நீ கேக்கலை."

"கேக்கலைன்னா?"

"நானாச் சொன்னா, பழியை அம்மா மேல போட்டுட்டுத் தப்பிச்சுக்கற மாதிரி இருக்கும்னு நெனச்சேன். நீ வந்து கேட்டாச் சொல்லலாம்னு இருந்தேன்."

அப்போது தம்பி கத்த ஆரம்பித்தான். கேட்காவிட்டால் சொல்லமாட்டாயா, உனக்கு வாய் எதற்கு, எக்ஸ்ரே எடுக்கவா, மூன்று தடவை படியேறினாயே அப்போது வாசலில் நின்றாவது ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா என்று கத்தினான். நீ ஏன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாய் என்று அக்கா திருப்பிக் கத்தினாள். அவள் கத்தியதை மேட்டில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளும் கேட்டதில்லை, யாருமே கேட்டதில்லை, அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. கூட்டினால் என்ன, நீ அதற்கு மேல் கத்தியிருக்க வேண்டும் என்றான் அவன். எனக்குக் கத்தத் தெரியாது என்று அவள் கத்தினாள். துறையின் வண்டி வந்து நின்றதையோ, காவலர் பாதையிலிருந்து பலமாக இருமிக் காட்டியதையோ இருவரும் கவனிக்கவில்லை.

மேலதிகாரி குடையைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல முதல் கல்லிலிருந்து ஆரம்பித்தார். ஒன்றுக்கு ஒரு கோடு. ஒன்பதாவதைத் தாண்டி, தம்பியின் முன்னால் ஒரு கோடு போட்டார். அவன் அந்த நேரத்தில் மூத்தவள் என்றால் முதலில் வந்து பேச வேண்டாமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். அக்காவின் முன்னால் ஒரு கோடு போட்டார். நான்தான் வந்தேனே என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அதிகாரி நகர்ந்து, பன்னிரண்டு, பதின்மூன்று என்று வட்டத்தை முடித்தார். காவலர் நீட்டிய பலகையில் படிவத்தை வைத்து, மொத்தம் இருபத்தொன்று என்று எழுதினார். பிறகு, பதினேழு வருட உத்தியோகத்தில் முதன்முறையாக, படிவத்தின் அடியில் குறிப்புகள் என்றிருந்த கட்டத்திலும் ஏதோ எழுதிக் கையெழுத்திட்டு, நகலைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வண்டியேறிப் போனார்.

வண்டி வளைவைத் தாண்டிய பிறகு காவலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். "பத்தாவது, பதினோராவது கற்கள் பேசிக்கொண்டிருக்கின்றன. நடவடிக்கை எதுவும் தேவையில்லை."